கிருமி இருக்கின்றதா? உயிரோடு இருக்கின்றதா?

மண்ணையும் மரத்தையும் பரிசோதிக்கும் புதிய முறைகள் பற்றி விவசாயக் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

முரசுமோட்டை நெல் விளையும் ஊர். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள், வயலை அடுத்த மேட்டுக்காணிகள், வளவுக்குள் நாலைந்து தென்னைகள் என்பனவே இங்கு ஒரு குடும்பத்தின் சொத்து. 1996இல் கிளிநொச்சிப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியாக மீண்டும் எல்லாவற்றையும் விட்டு நடந்தார்கள். திரும்பி வந்து காடு வெட்டி, வரம்பு கட்டி, கன்று நட்டு நிமிர்ந்த வேளையில் 2018 டிசெம்பர் வெள்ளம் வந்தது. இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களும் வன்னியில் உண்டு.

இவ்வாறு பலமுறை முதலிலிருந்து தொடங்கிய குடும்பங்கள் எம்மிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கின்றன. “பல வருடம் தரிசாய்க் கிடந்த தோட்டத்தில் மிளகாயும் கத்தரியும் பச்சையாக நின்றபடியே வாடுகின்றன. மண்ணில் நோய் இருக்கிறதா?” என்பது முதலாவது. “வெளி மாவட்டத்திலிருந்து வரும் தென்னங்கன்றை, வாழைக்குட்டியை நம்பி நடலாமா?” என்பது இரண்டாவது.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடிய ஆய்வுகூட முறைகள் இன்று உள்ளன. கிருமியின் மரபுப் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகள் அவை. ஆயினும், அவை தரும் “ஆம்” என்ற பதிலுக்கும் “இல்லை” என்ற பதிலுக்கும் சரியான பொருள் என்ன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரு மரத்தைத் தறிப்பதா, ஒரு தோட்டத்தைக் கைவிடுவதா என்ற முடிவு அந்த ஒற்றைச் சொல்லில் தங்கியிருக்கலாம். இழப்பதற்கு அதிகம் மீதமில்லாத குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று.

விதைநெல் சொல்லும் பாடம்

கமக்காரர் ஒருவர் விதைநெல் வாங்கினால் உடனே விதைப்பதில்லை. 100 நெல்மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்க்கிறார். உயிருள்ள நெல்லும் உயிரற்ற நெல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண்ணிக்கை ஒன்று, முளைதிறன் வேறொன்று. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையில் நாம் சொல்லப்போகும் அனைத்தும் எளிதில் விளங்கிவிடும்.

இங்கு நாம் பேசும் பற்றீரியாக் கிருமிகளின் உடலில் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருள் உள்ளது. ஒரு கிருமிக்கே உரிய பகுதிகள் அதில் உண்டு. மண்ணிலோ இலையிலோ அந்தப் பகுதி மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அதனைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கண்ணுக்குத் தெரியச் செய்யும் முறையே பி.சி.ஆர். ஆகும். அமெரிக்கரான கரி முல்லிஸ் 1983இல் இம்முறையை எண்ணிக் கண்டார். 1993இல் அதற்காக இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிப்பாகும். 30 சுற்றுகள் முடிய ஒன்று 100 கோடிக்கு மேலாகிவிடும்.

இதைவிட எளிய முறையொன்றை 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் அறிமுகம் செய்தார்கள். அதன் பெயர் லாம்ப். 60 முதல் 65 பாகை வரையான ஒரே வெப்பநிலையில், ஒரு மணித்தியாலம் அளவில், குழாயிலுள்ள திரவத்தின் நிறமாற்றத்தைக் கொண்டே விடை காணலாம். பெரிய இயந்திரம் தேவையில்லாததால் தோட்டத்துக்கு அருகிலேயே செய்யத்தக்கது.

இரண்டு முறைகளுமே நெல்மணியை எண்ணுகின்றன, முளைதிறனைப் பார்ப்பதில்லை. செத்த கிருமியின் டி.என்.ஏ. உடனே அழிந்துவிடுவதில்லை. களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு அது நெடுநாள் கிடக்கக்கூடும். கொவிட் காலத்தில் இதை நாம் கண்டிருக்கிறோம். நோய் மாறி எழுந்து நடமாடிய சிலருக்கும் வாரக்கணக்கில் பி.சி.ஆர். முடிவு “உண்டு” என்றே வந்தது. பலருடைய உடலில் அப்போது எஞ்சியிருந்தவை வைரசின் உயிரற்ற துண்டுகளே. மண்ணிலும் இதுவே நடக்கின்றது.

உயிருள்ளதைப் பிரித்தறிவது எவ்வாறு?

இக்குறையை நீக்க விஞ்ஞானிகள் மூன்று வழிகளைக் கையாளுகின்றார்கள்.

முதலாவது, வளர்த்துப் பார்த்தல். மண் மாதிரியை அந்தக் கிருமிக்குப் பிடித்த உணவுக் கரைசலில் ஓரிரு நாள் வைத்த பின்னரே பி.சி.ஆர். செய்கிறார்கள். உயிருள்ளவை பெருகும், செத்தவை பெருகா. முன்னும் பின்னும் அளந்து, தொகை கூடியிருந்தால் கிருமி உயிரோடு இருக்கின்றது. ஈரச்சாக்கில் நெல் முளைக்க வைப்பதற்கு ஒப்பானது இது.

இரண்டாவது, சாயமிடுதல். புரோப்பிடியம் மொனோஅசைட் என்ற சாயம் உயிருள்ள கிருமியின் உறையைத் தாண்டி உள்ளே போகாது. செத்த கிருமியின் உறை கிழிந்திருப்பதால் அதற்குள் புகுந்துவிடும். பின்னர் பிரகாசமான ஒளியைப் பாய்ச்சினால் சாயம் அந்த டி.என்.ஏ.யுடன் இறுகப் பிணைந்து, அது படியெடுக்கப்படாதவாறு தடுத்துவிடும். ஆகவே உயிருள்ளவை மாத்திரம் கணக்கில் வரும். 2006 முதல் இச்சாயம் இவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது. ஆயினும் கலங்கிய மண்கரைசலில் ஒளி நன்கு ஊடுருவாது. களிமண் சாயத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். உறை கிழியாமல் செத்த கிருமியும் உயிருள்ளதாகவே கணக்கிடப்படும்.

மூன்றாவது, ஆர்.என்.ஏ.யைத் தேடுதல். உயிருள்ள கலம் வேலை செய்யும்போது தூது ஆர்.என்.ஏ. என்ற பொருளை உண்டாக்குகின்றது. கலம் செத்தபின் இது பொதுவாக விரைவில் சிதைந்துவிடும். ஆகவே இது கிடைத்தால், கிருமி உயிரோடு இருக்கின்றது அல்லது அண்மையில்தான் செத்தது என்று கொள்ளலாம். எளிதில் சிதையும் பொருள் என்பதால் மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்; செலவும் அதிகம்.

மண்ணில் வாழும் கிருமி

மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி ஆகியவற்றைத் தாக்கும் பற்றீரியா வாடல் நோய்க்குக் காரணம் றல்ஸ்ரோனியா என்னும் பற்றீரியா. இலை மஞ்சளாக நேரமில்லாமல், பச்சையாகவே செடி வாடும். வேர்க் காயங்களின் வழியே உட்புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதே இதற்குக் காரணம். பயிர் இல்லாத காலத்திலும் களைகளின் வேர்களிலும் ஆழமான ஈரமண்ணிலும் இது உயிர் பிழைத்திருக்கும். எனவே, காணி பல வருடம் தரிசாய்க் கிடந்தது என்பதற்காக மட்டும் மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிட முடியாது. வெள்ளமும் வாய்க்கால் நீரும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு இதனைக் கொண்டு செல்லும்.

இக்கிருமிக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. குளிர், பட்டினி போன்ற நெருக்கடி வந்தால் உயிரோடு இருந்துகொண்டே பெருகாமல் அடங்கிவிடும். அந்நிலையில் ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தால் “இல்லை” என்று தோன்றும். ஆகவே வளர்க்கும் முறையும் சில வேளைகளில் ஏமாற்றும், டி.என்.ஏ. முறையும் ஏமாற்றும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அறிவுடைமை.

ஆய்வுகூடத்துக்குப் போகுமுன் நாமே வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உள்ளன.

ஒன்று, கண்ணாடிக் குவளைச் சோதனை. வாடத் தொடங்கிய, ஆனால் சாகாத செடியொன்றின் அடித்தண்டில் 5 சென்ரிமீற்றர் அளவு துண்டு வெட்டுங்கள். தெளிந்த நீர் நிரப்பிய குவளையில் அதன் ஒரு முனை நீரைத் தொடுமாறு நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். அந்த இழைகள் கோடிக்கணக்கான கிருமிகளின் திரள். பங்கசினால் வரும் வாடலில் இவ்வாறு ஒழுகாது. சோதித்த நீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள்.

மற்றது, தூண்டில் செடிச் சோதனை. ஐயத்துக்குரிய மண்ணை நாலு சட்டிகளில் நிரப்புங்கள். அதே மண்ணில் ஒரு பகுதியை நீர் தெளித்து, மூடிய தகரத்தில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டு வேறு நாலு சட்டிகளில் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே மேடையில் வளர்ந்த தக்காளி நாற்றுகளை வேர்நுனி சிறிது கிள்ளி நடுங்கள். ஒரு சட்டி நீர் மற்றதில் தெறிக்காதவாறு பிரித்து வைத்து, மூன்று நாலு வாரம் ஈரம் குறையாமல் பாருங்கள். சூடாக்காத மண்ணில் மாத்திரம் நாற்று வாடி, குவளைச் சோதனையிலும் பால் ஒழுகினால் மண்ணில் கிருமி உயிரோடு இருக்கின்றது. எந்த இயந்திரமும் இதைவிடத் தெளிவாக அதைச் சொல்லாது. நாற்று வாடவில்லை என்றாலோ கிருமி அறவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, குறைவாக இருக்கலாம்.

கிருமி உயிரோடு இருப்பது உறுதியானால் செய்யக்கூடியவை உண்டு. நெல் இக்கிருமிக்கு இடங்கொடுப்பதில்லை. நீர் தேங்கி நிற்கும் வயலில் இதன் பெருக்கமும் குறையும். ஆகவே நோய்ப்பட்ட காணிக்கு நீர் வசதி இருந்தால் ஓரிரு போகம் நெல் செய்து, பின்னர் மரக்கறி செய்வது நல்லது. அந்த வயலிலிருந்து வடியும் நீரை மற்றவரின் தோட்டத்துக்குள் விடாதீர்கள். மேட்டுக்காணியில் கடும் வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, ஒளி புகும் பொலித்தீனால் ஓரம் இறுக்கி, 4 முதல் 6 வாரம் வரை மூடி வைத்தால் மேல்மண்ணிலுள்ள கிருமிகள் பெருமளவு சாகும். கத்தரிக்குச் சுண்டங்கத்தரியை அடிக்கட்டையாக வைத்து ஒட்டுவதும் பயன் தரும்.

இங்குதான் நாம் சொல்லிவந்த வேறுபாடு பணமாகவும் உழைப்பாகவும் மாறுகின்றது. பொலித்தீன் மூடிய பின்னர் மண்ணைச் சாதாரண பி.சி.ஆர். முறையில் பரிசோதித்தால், செத்த கிருமியின் டி.என்.ஏ.யைக் கண்டு “உண்டு” என்றே பதில் வரக்கூடும். அதை நம்பி, பாடுபட்டுச் சுத்தமாக்கிய தோட்டத்தை ஒரு குடும்பம் கைவிடலாம். உயிருள்ளதைக் காணும் முறையே அங்கு தேவை.

மரத்தில் வாழும் கிருமி

தென்னையின் கதை வேறு. 2006இல் மாத்தறை மாவட்டத்து வெலிகமப் பகுதியில் தென்னைகளின் ஓலைகள் தளர்ந்து, மஞ்சளாகி, விளைச்சல் வீழ்வது கண்டறியப்பட்டது. கேரளத்தில் நூறு வருடத்துக்கு மேலாகத் தென்னையை வருத்தும் வேர்வாடல் நோயை அது ஒத்திருந்தது. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பி.சி.ஆர். முறையைக் கையாண்டு, நோயுற்ற மரங்களில் பைட்டோபிளாஸ்மா என்ற கிருமி இருப்பதைக் காட்டினார்கள். அம்முடிவு 2012இல் வெளியானது. நோயுற்ற மரங்கள் தறிக்கப்பட்டன. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டு செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது.

பைட்டோபிளாஸ்மாவை 1967இல் யப்பானிய விஞ்ஞானிகள் முதன்முதலில் இனங்கண்டார்கள். உறைச்சுவர் இல்லாத மிகச் சிறிய பற்றீரியா அது. மரத்தின் உணவுக் குழாய்களுக்குள்ளும் சாறுறிஞ்சும் பூச்சிகளின் உடலிலும் மாத்திரமே வாழும். மண்ணில் வாழாது. அதனால் நோயுற்ற மரத்தைத் தறித்த குழியைப் பார்த்து அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டியது பச்சையாக நிற்கும் நோயுற்ற மரத்துக்கே. பூச்சி அதிலிருந்துதான் கிருமியை எடுத்துச் செல்கின்றது.

வாடலைத் தரும் பற்றீரியாவைப் போல இதனைத் தட்டில் இலகுவாக வளர்க்க முடியாது. குவளையில் ஒழுகவும் மாட்டாது. மரத்தினுள் இது மிகக் குறைவாகவும், ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் இல்லாமலும் காணப்படும். ஆகவே ஒரு முறை படியெடுத்தது போதாமல், கிடைத்த படியிலிருந்தே மீண்டும் ஒரு முறை படியெடுக்கும் இரட்டைப் பி.சி.ஆர். தேவைப்பட்டது. நோய்க்குறி தோன்றுமுன் மரத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் காண்பதற்கு மரபுப்பொருள் முறையே இன்றுள்ள முதன்மையான வழி.

இங்கும் உயிர் பற்றிய கேள்வி எழாமல் இல்லை. மெக்சிக்கோவில், தென்னையைக் கொல்லும் மஞ்சளாதல் நோயுற்ற மரங்களின் தேங்காய் முளையத்துக்குள் பைட்டோபிளாஸ்மாவின் டி.என்.ஏ. இருப்பதாக 2003இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அப்படியாயின் நோய் தேங்காய் வழியே கன்றுக்குப் போகுமா? டி.என்.ஏ.யைக் கண்டதால் மட்டும் அதற்கு விடை கிடைக்கவில்லை. முளையங்களை வளர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது.

சோதனை முடிவை நம்பாமல் காலம் கடத்துவதும் ஆபத்தானதே. இத்தாலியின் தென்பகுதியில் 2013இல் ஒலிவ மரங்களில் சைலெல்லா என்ற பற்றீரியா கண்டுபிடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பேணிய மரங்களைத் தறிப்பதற்கு விவசாயிகள் மறுத்தார்கள், வழக்குகள் எழுந்தன, 2015இல் தறிப்பு நிறுத்தப்பட்டது. அதற்கிடையில் நோய் வடக்கு நோக்கிப் பரவியது. மரத்தை இழக்கப்போகும் குடும்பத்துக்குச் சோதனை எவ்வாறு செய்யப்பட்டது என்பதை எவரும் அமர்ந்து விளக்காதபோது, உண்மையான முடிவும் நம்பப்படாமல் போகும் என்பதே அங்கிருந்து நாம் கற்கும் பாடம்.

2025இல் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் தொடங்கப்பட்டு, வன்னியில் தென்னை நடுகை ஊக்குவிக்கப்படுகின்றது. நல்ல காரியம். ஆனால் லொறியில் வரும் கன்று எந்த நாற்றுமேடையில் வளர்ந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற நாற்றுமேடையின் கன்றையே நடுங்கள். வாழைக்குட்டி, இஞ்சி விதைக்கிழங்கு, தோடை, தேசி ஒட்டுக்கன்று ஆகியவற்றுக்கும் இதுவே விதி. உறவினர் அன்போடு தரும் குட்டியாயினும், தாய்மரத்தைப் பார்த்த பின்னரே வளவுக்குள் கொண்டுவாருங்கள்.

மாதிரி எடுக்கும்போது

சிறந்த இயந்திரமும் பிழையான மாதிரியிலிருந்து சரியான விடை தராது. கீழ்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. தோட்டத்தில் ஒரே இடத்தில் மண் எடுக்காதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில், வேர் நிற்கும் ஆழத்தில், அதாவது 15 சென்ரிமீற்றர் அளவில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவு அனுப்புங்கள்.

2. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மண்வெட்டியைக் கழுவித் துடைத்த பின்னரே பயன்படுத்துங்கள். முந்திய தோட்டத்து மண் சிறிது ஒட்டியிருந்தாலும் பி.சி.ஆர். அதைக் காட்டிவிடும்.

3. மண்ணை வெயிலில் காயவிடாதீர்கள், உறைபெட்டியிலும் வைக்காதீர்கள். இரண்டுமே உயிருள்ள கிருமியைக் கொல்லும் அல்லது அடக்கிவிடும். நிழலில் வைத்து ஓரிரு நாளுக்குள் சேர்ப்பியுங்கள்.

4. செடியாயின், வாடத் தொடங்கியதை வேரோடு எடுங்கள். முற்றாகக் காய்ந்த செடியில் பின்னர் வந்து குடியேறிய வேறு கிருமிகளே நிறைந்திருக்கும்.

5. தென்னையில் ஐயம் எழுந்தால் நீங்களாக வெட்டி எடுக்காமல் தென்னை அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். எந்த ஓலையில் மாதிரி எடுப்பது என்பது முக்கியம்.

6. காணியின் வரலாற்றையும் எழுதிக் கொடுங்கள். எத்தனை வருடம் தரிசு, எப்போது வெள்ளம் வந்தது, முன்னர் என்ன பயிர், கன்று எங்கிருந்து வந்தது என்பன ஆய்வாளருக்கு மிகவும் உதவும்.

முடிவைப் பெறும்போது

முடிவு கையில் கிடைத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

“உண்டு” என்றால்: இது கிருமியின் டி.என்.ஏ. உண்டு என்பதா, உயிருள்ள கிருமி உண்டு என்பதா? எந்த முறையால் அறிந்தீர்கள்?

“இல்லை” என்றால்: மண்ணிலுள்ள மக்குப் பொருள் பி.சி.ஆர். வேலை செய்வதைத் தடுக்கக்கூடும் அல்லவா? சோதனை சரியாக நடந்தது என்பதற்கான ஒப்பீட்டு மாதிரி வைத்தீர்களா?

எதுவாயினும்: அடுத்த போகத்துக்கு நான் என்ன செய்ய வேண்டும்? எப்போது மறுபடி பரிசோதிக்க வேண்டும்?

விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் முதலில் விசாரியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகின்றது. விவசாயத் திணைக்களத்தின் பயிர் வைரசு ஆய்வு நிலையம் ஹோமாகமவில் உள்ளது. தனித்தனியே போய்க் கேட்பதிலும், ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்துக் குடும்பங்கள் கமக்காரர் அமைப்பின் ஊடாகச் சேர்ந்து கேட்பது பயன் தரும். கிருமிக்கு வேலி தெரியாது. ஒரு தோட்டத்தின் முடிவு மற்றத் தோட்டத்துக்கும் உரியது. தோட்டத்தில் நோய் என்று சொன்னால் மரக்கறி விலைப்படாது என்று மறைப்பவர்களும் உண்டு. மறைத்தால் அடுத்த மாரியில் வாய்க்கால் நீரே அதை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வருடம் மிளகாயோ கத்தரியோ வைத்திருப்பவர்கள் முதல் செடி வாடும் நாளன்றே குவளையில் நீர் எடுங்கள். பால் ஒழுகினால் அச்செடியை வேரோடும் வேர்மண்ணோடும் எடுத்து எரித்து, அந்த இடத்துக்கு நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, அயல் தோட்டத்தாருக்கும் அன்றே சொல்லுங்கள்.